சுரைக்குடுக்கையுடன் இலங்கைக்கு

காட்பாடி ஸ்டேஷனில் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருக்கிறோம்; அங்கிருந்து துறைமுகம், பிறகு இலங்கை. அங்கே கடலோர விடுதியில் தங்கி, யுத்தத்தில் மூழ்கிய கப்பலை முங்கிப் பார்ப்பது என் கணவரின் திட்டம். ஆம்பூர்த் தோல் மண்டிக்காரரான அவர் பாலாற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. இப்போது பெஞ்சில் கண்மூடி மூச்சடக்கிப் பழகுகிறார். அவர் முகம் சிவக்கச் சிவக்க நான் பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறேன்.

பிளாட்பாரத்துப் பூக்காரம்மா என் பைக்குள் எட்டிப் பார்க்கிறாள். கிணற்றில் நீச்சல் பழகுகிறவர்கள் முதுகில் கட்டும் காய்ந்த சுரைக்குடுக்கை அதில் இருக்கிறது.

“இன்னாம்மா, குடுக்கையத் தூக்கினு எங்க பயணம்?”

தயங்கித் தயங்கிச் சொல்கிறேன். சிரிக்கிறாள்.

“இத்தக் கட்டினா மேலயே மெதப்பாரும்மா. அடியில கெடக்கிற கப்பல எப்டிப் பாப்பாரு?”

அவர் இன்னும் கண் திறக்கவில்லை. அவள் காதருகே குனிகிறேன்.

“பாக்கவே வாணாம்க்கா.”