பின்னால் தள்ளும் எஞ்சின்

என் வீட்டுக்காரரை நினைவு வைத்திருக்கிறவர்கள் இன்னும் என்னைத் தேடி வருகிறார்கள். வந்ததும் ஒரு சிரிப்பு. அடுத்தது, "நீங்க குடுத்து வச்சவங்கம்மா." எனக்குச் சுள்ளென்று ஏறும். அறையெல்லாம் கிடக்கும் பொம்மை ரயில் சக்கரத்தை மிதித்து மிதித்து உள்ளங்கால் மரத்துப்போனவள் நான். அடுப்பில் ஒரு பக்கம் சோறு கொதித்தால் இன்னொரு பக்கம் பலகை ஒட்டுகிற வச்சிரம் உருகும். அந்த நாற்றத்தில் ஒரு வேளை சாப்பிட்டிருந்தால் யாரும் என்னைக் குடுத்து வச்சவள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவரைப் பற்றி அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்.

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். நான் கொழுந்து பறித்தேன். அவர் பேக்டரியில் தேயிலைப் பெட்டி அடித்தார். கப்பலுக்குப் போகிற தேயிலை அப்போது பலகைப் பெட்டியில், உள்ளே ஈயத்தாள் விரித்துப் போகும். உடைந்த பலகை, வெட்டி மிஞ்சிய துண்டு எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொள்ளலாம் என்று துரை சொல்லியிருந்தார். சும்மா சொல்லவில்லை. துரை பங்களாவுக்கும் ஒரு ரயில் போயிருந்தது.

அவர் ரயில் செய்து விற்றார் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது தப்பு. முழு ரயிலை அவர் ஒரு நாளும் விற்கவில்லை. துண்டு துண்டாக நறுக்கி, ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒரு கட்டி வச்சிரத்தையும் போட்டுக் கொடுப்பார். வாங்கினவர்கள்தான் பூட்டிக்கொள்ள வேண்டும். "முழுசா குடுத்தா உடைஞ்சதும் அழுவானுங்க. தானே பூட்டுனா தானே சரிபண்ணிக்குவானுங்க" என்பார். எழுத்துத் தெரியாத பிள்ளைகளும் பூட்ட வேண்டும் என்று ஒவ்வொரு துண்டிலும் கத்தியால் கீறி வைப்பார். ஒரு கீறலோடு ஒரு கீறல் சேரும், இரண்டோடு இரண்டு சேரும்.

எஞ்சினை மட்டும் அவரே பூட்டி வைப்பார். அதன் உடம்பு மூங்கில். அச்சு, ஒடிந்த குடையின் கம்பி. எங்கள் ஊர் மழைக்குக் குடைக்கம்பி கிடைப்பதற்கா பஞ்சம். சக்கரத்துக்குத் தையல் நூல் சுற்றி வருகிற மரக்கட்டையை நடுவில் அறுப்பார். ஓரம் உயர்ந்து, தண்டவாளத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு சக்கரம் கிடைத்துவிடும். இதற்காகவே கினிகத்தேனையில் ஒரு சிங்களத் தையல்காரர் கட்டைகளைச் சேர்த்து, பை நிறைய பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். பதிலுக்கு அவர் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ரயில் போகும்.

அவருடைய பெட்டி எதைத் திறந்தாலும் உள்ளே இரண்டு எஞ்சின் இருக்கும். எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து மலை ஏறி வருகிற வண்டியை முன்னால் ஒரு எஞ்சின் இழுக்கும், பின்னால் ஒன்று முட்டிக்கொண்டு தள்ளும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். வண்டி இறங்கும்போது அப்படி இல்லைதான். ஆனால் இறங்குகிற ரயிலை யார் பொம்மையாகச் செய்வார்கள்? தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட எங்கள் லயத்தில் சமமான தரை என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் விளையாடியதும் ஏற்றத்தில்தான். முன் எஞ்சினை ஒருவன் கயிற்றில் இழுப்பான், பின் எஞ்சினை ஒருவன் கையால் தள்ளுவான். தள்ளுகிற இடத்துக்குத்தான் சண்டை நடக்கும். "ரயில் மாமா, இவன் என்னைத் தள்ள விடமாட்டேங்கிறான்" என்று பஞ்சாயத்து எங்கள் வாசலுக்கு வரும். பேக்டரியிலிருந்து களைத்து வந்த மனுஷர், வாயில் வெற்றிலையோடு குந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். அரிசி வாங்க வேண்டும் என்று நான் சொன்னது மட்டும் அவர் காதில் விழாது.

எனக்கு ஒரே ஆசை இருந்தது. வீடு. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரே அறை. அதிலேதான் சமையல், படுக்கை, பிள்ளைகள் இரண்டு, அவருடைய பலகை, மூங்கில், சாயம் எல்லாம். பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்பார்கள். அங்கே இருந்தவள் என்னைவிடச் சின்னவள். நெருப்பு, உப்பு, மிளகாய் எல்லாம் சுவருக்கு மேலாகவே போய்வரும். அவள் புருஷன் குடித்துவிட்டுக் கத்தினால் என் வீட்டுக்காரர் போய்த் தோளில் கைபோட்டுக் கூட்டி வந்து, கையில் உப்புத்தாளைக் கொடுத்து மூங்கில் தேய்க்க உட்கார வைப்பார். அவனும் தேய்த்துத் தேய்த்து அப்படியே தூங்கிப்போவான். அவனுக்கும் சேர்த்து என் அறையில்தான் இடம்.

கொட்டகலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீடு காலியாக இருந்தது. இரண்டு அறை, தனி அடுப்படி, பக்கத்தில் ஒரு கொட்டகை. கொட்டகையில் அவர் ரயில் செய்யலாம், நான் அடுப்படியில் நிம்மதியாகச் சமைக்கலாம். ஆனால் பேக்டரி வேலையை விட்டால்தான் அங்கே போக முடியும், ரயிலிலேயே பிழைக்க முடிந்தால்தான் வேலையை விட முடியும். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சாமி படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று யோசித்துக்கொண்டே போவேன்.

அப்போதுதான் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். நம்ம ஆள்தான். கொட்டகலையில் சொந்தக்காரர் கடையில் தொங்கிய பெட்டியைப் பார்த்துவிட்டு, செருப்பெல்லாம் சேறாக லயத்துக்கே ஏறி வந்துவிட்டார். தீபாவளிக்கு எத்தனை பெட்டி முடியுமோ அத்தனையும் வேண்டும், நன்றாகப் போனால் வருடம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

"ஆனா ரெண்டு எஞ்சின் எதுக்குங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு இழுக்கும், ஒண்ணு தள்ளும். காலையில நீங்க வந்த வண்டியிலயும் இருந்துச்சே."

"இருந்துச்சா?" என்று அவர் என்னைப் பார்த்தார். நடுப் பெட்டியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு வந்த மனுஷருக்குப் பின்னால் தள்ளினது எப்படித் தெரியும். "இருக்கட்டும்ங்க. எங்க ஆளுங்க சிமெண்டுத் தரையில ஓட்டப் போறாங்க. ஒரு எஞ்சின் போதும். நான் அச்சடிக்கிற மூடியிலயும் ஒண்ணுதான் போடப் போறேன்."

"ஏறாத ரயிலைச் செஞ்சு என்னாங்க பண்றது?" என்றார் இவர், ரொம்பச் சாதுவாக.

கைக்கு வந்த கடைவீதி வீட்டை வாசலிலேயே வைத்துத் துரத்துகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணே போடுறோம்ங்க" என்று நான் சொல்லிவிட்டேன். விருந்தாளி முன்னால் பொம்பளை முந்திக்கொண்டு பேசுவது அந்தக் காலத்தில் லயத்தில் நடக்காத காரியம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவ சொன்னா சரிதாங்க" என்றார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் எங்கள் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் "கொழும்பு ரயிலு" என்று சொல்லும்போது உப்பில்லாத கஞ்சியைக் குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அதோடு, கை பழகிப்போன வேகத்தில் ஒரு ரயிலுக்கு இரண்டு எஞ்சினாகவே செய்து தள்ளினார். மிஞ்சிய பின் எஞ்சின்களை ஒரு தேயிலைப் பெட்டியில் கொட்டி மூலையில் வைத்தேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உதவும் என்று விட்டுவிட்டேன்.

அனுப்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வட்டகொடையில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான் போகாமல் முடியாது. பெட்டி அடுக்குகிற வேலை பாதியில் நின்றது. லயத்துப் பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் தாங்களாகவே வந்து, "நீங்க போய்ட்டு வாங்கக்கா, நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள். பக்கத்துக் காம்பராக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு பெட்டிக்கு ஒரே எஞ்சின் என்று சொன்னேன். திரும்பச் சொல்லவும் வைத்தேன். "ஒண்ணே ஒண்ணுக்கா" என்று அவளும் சொன்னாள். நான் வருவதற்குள் அவர்கள் அடுக்கிக் கட்டி, இவரும் அவள் புருஷனுமாக ஸ்டேஷனில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டுக்குப் போனதும் இவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து கடைக்காரர் வந்தார். கையில் ஒரு சாக்கு. அதைப் பாயில் கவிழ்த்தார். எஞ்சின், எஞ்சின், எஞ்சின்.

எல்லாப் பெட்டியிலும் இரண்டு இருந்திருக்கிறது. கொழும்பு ஜனங்கள் அவ்வளவு யோக்கியமானவர்கள் என்று யார் கண்டது. மூடியில் ஒன்று, உள்ளே இரண்டா, யாரோ ஒரு பிள்ளையின் எஞ்சின் நம் பெட்டிக்குள் வந்துவிட்டது என்று, தீபாவளிக் கூட்டத்தில் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு வியாபாரத்தைப் பார்ப்பதா, எஞ்சினை வாங்கி வைப்பதா என்று ஆகிவிட்டது.

"உங்க கை நல்ல கைங்க. ஆனா சொன்ன சொல் நிக்கலையே" என்றார். நான் சத்தியம் செய்தேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. தேத்தண்ணியைக் குடிக்காமலேயே இறங்கிப் போனார். இவர் பாயில் உட்கார்ந்து ஒரு எஞ்சினை எடுத்துச் சக்கரத்தைச் சுண்டிப் பார்த்து, "ஒண்ணுகூட உடையாம வந்திருக்கு" என்றார். அன்றைக்கு நான் அவரை என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பொம்பளைகளைக் கூட்டி வைத்துக் கேட்டேன். அவர்களுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "பின் எஞ்சின் இல்லாம இருந்துச்சுக்கா. பாவம், அண்ணன் வேலை அவசரத்துல மறந்துட்டாருன்னு நெனச்சோம். மூலையிலதான் பெட்டி நெறைய இருந்துச்சே. ஒண்ணுல விடாம போட்டோம்." அதைப் பெருமையாக வேறு சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் குறையோடு ரயில் போய், அவருக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதாம். பக்கத்துக் காம்பராக்காரியைப் பார்த்தேன். "மறந்துபோச்சுக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைவீதி வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். நான் யாரோடும் பேசவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை வேலைக்குப் பேர் கூப்பிடும்போதும் தள்ளித்தான் நின்றேன். சுவருக்கு மேலே உப்பும் போகவில்லை, நெருப்பும் வரவில்லை. என் கோபம் அப்படிப்பட்டது. வந்தால் லேசில் போகாது.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கூட்டம். அதே பொம்பளைகள், அவர்களுடைய புருஷன்மார், தலையில் மூங்கிலும் பழைய தகரமும். எங்கள் காம்பராவின் பின் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கப் போகிறார்களாம். ரயில் சாமான் எல்லாம் அதற்குள் போய்விடுமாம், உள் அறை எனக்கே எனக்காம். துரையிடம் இவரே போய்க் கேட்டிருக்கிறார். துரையும் தலையாட்டிவிட்டார். "எங்களால போன வீடுக்கா. முழு வீடு எங்களால முடியாது" என்றாள் ஒருத்தி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் உள்ளே போய் எல்லோருக்கும் உலை வைத்தேன்.

மத்தியானம் கூரைத் தகரம் அடிக்கிற நேரம். ஆண்கள் மறு பக்கம் மழைத்தண்ணி ஓட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டிமேல் ஏறிச் சுத்தியலோடு நின்றேன். கீழே தகரத்தின் மறு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்துக் காம்பராக்காரிதான். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

"அக்கா. மத்தவங்க தெரியாமதான் போட்டாங்க."

நான் ஒரு ஆணியை அடித்தேன்.

"நான் மறக்கல. தெரிஞ்சுதான் அவங்கள போட விட்டேன். பெட்டி எல்லாம் வித்துட்டா நீங்க போயிருவீங்க. அண்ணனும் போயிரும். அந்த மனுஷன் குடிச்சிட்டு வந்தா நான் எங்கக்கா போவேன்?"

சுத்தியல் கையிலேயே நின்றது. என் இரண்டு அறையும், தனி அடுப்படியும், சாமி படம் மாட்ட வேண்டிய சுவரும் கீழே என் முன்னால் நின்றுகொண்டிருந்தன, கிழிந்த ரவிக்கையோடு, தகரம் அறுத்த விரலோடு. இறங்கி இரண்டு அறை விட வேண்டும் என்று எனக்கு வந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் வந்தது. அவள் பிடித்திருந்த முனை ஆடிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் என்று அதில்தான் தெரிந்தது.

"தகரத்த நேரா புடிடி" என்றேன். "ஆணி வளையுது."