செயின் கழன்ற ஏற்றம்

பல நாள் நடக்கும் தொழில்முறை சைக்கிள் பந்தயங்களில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிந்திருப்பார். அவருடைய சைக்கிள் பழுதானால், அந்த நேரம் பார்த்து மற்றவர்கள் முந்தமாட்டார்கள். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் சைக்கிள் கிளப் தலைவரின் வீட்டில், ஜூலை மாதப் பிற்பகல்களில், தொலைக்காட்சி பார்த்துத்தான் இதைக் கற்றேன். ஒருமுறை யாரோ ஒரு வீரன் அந்த வழக்கத்தை மீறியபோது தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இதெல்லாம் ஒரு வெற்றியோ? களவு," என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணை. அன்று அவரை மிகவும் மதித்தேன். இன்றுவரை என் கோபம் ஆறாததற்கு அந்த மதிப்பே காரணம்.

சென்ற கோடையில் கென்ட் மேடுகளில் நடந்த மூன்று நாள் அமெச்சூர் பந்தயத்துக்கு ஐந்து பேர் போனோம். வெல்ல வேண்டியவர் அண்ணை. நாங்கள் நால்வரும் முன்னால் காற்றைத் தாங்கி மிதிப்போம். அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் பலத்தைச் சேமிப்பார். அதில் எனக்கு வருத்தமில்லை. கூட்டு உழைப்பை நம்பித்தான் சமூகப்பணி படித்தேன்.

மஞ்சள் சட்டை சவுத்தாலைச் சேர்ந்த ஒரு பஸ் ஓட்டுநரிடம் இருந்தது. அவருடன் வந்த இருவரும் முதல் நாளே விலகிவிட்டார்கள். இந்தப் பந்தயத்தை வென்றால் தேர்வு முகாமுக்கு அழைப்பதாக ஒரு சிறிய தொழில்முறை அணி அவரிடம் சொல்லியிருந்தது. வயது இருபத்தொன்பது ஆகிவிட்டது, இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று, நான் கொடுத்த புளிச்சாத உருண்டையைத் தின்றபடியே சிரித்துச் சொன்னார். இரண்டாம் நாள் அண்ணையின் டயர் பஞ்சரானது. சில விநாடிகளே பின்தங்கி இரண்டாம் இடத்தில் இருந்த அவருக்காகக் காத்திருக்கும் கடமை யாருக்கும் இல்லை. ஆனாலும் பஸ் ஓட்டுநர் கையை உயர்த்திக் கூட்டம் முழுவதையும் மெதுவாக்கினார்.

மூன்றாம் நாள், கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் அவருடைய செயின் கழன்றது. நான் மிதிப்பதைத் தளர்த்தினேன்.

"ஏன் தம்பி நிக்கிறாய்?" பின்னாலிருந்து அண்ணையின் குரல்.

"அவருக்குச் செயின் கழண்டிருக்கு, அண்ணே."

"ஓம், கண்டனான். இழு."

"நேத்து உங்களுக்காக நின்னாரு."

"அது அந்தாளின்ரை விருப்பம். நான் கேட்டனானோ? இழு எண்டுறன்."

அண்ணையைப் பின்னால் வைத்து, முன்னால் வேகமாக மிதித்து இழுத்தேன். தெருவில் அண்ணை சொன்னால் உடனே செய்ய வேண்டும், கேள்விகளைத் தேநீர்க் கடையில் கேட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் கிளப்பின் விதி. லண்டன் நெரிசலில் உயிர் காக்கும் விதி அது. அந்த ஏற்றத்தில் ஒரு வாகனம்கூட இல்லை. விதிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். மிதித்தவை என் கால்கள்தாம்.

ஒன்பது விநாடி வித்தியாசத்தில் அண்ணை வென்றார். பஸ் ஓட்டுநர் விரல்களில் கிரீஸ் கறையோடு வந்து, நன்றாக ஏறினாய் என்று என்னைப் பாராட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நடுவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எந்த விதியும் மீறப்படவில்லை என்றார். அன்று மாலை விருந்தில் எல்லோரும் அதை யுத்தி என்றார்கள். தொலைக்காட்சியில் களவாக இருந்தது எங்கள் மேசைக்கு வந்ததும் யுத்தியாகிவிட்டது.

அந்தத் தொழில்முறை அணிக்கு உண்மையை எழுதப்போவதாக அண்ணையிடம் சொன்னேன்.

"எழுது. கிளப்பின்ரை பேரை மட்டும் போடாதை. மற்றவங்களுக்கும் கெட்ட பேர்."

இரண்டு நாள் யோசித்தேன். மற்ற மூவருக்கும் இதனால் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். எந்தக் கிளப் என்று சொல்லாத கடிதத்தை யாரும் நம்பமாட்டார்கள். முதல் வரியில் என் பெயரையும், இரண்டாம் வரியில் கிளப்பின் பெயரையும் எழுதினேன். பதில் இரண்டே வாக்கியங்களில் வந்தது: நன்றி; முகாமுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் கிளப்போடு போனேன். எசெக்ஸ் சமவெளியில் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. பின்னாலிருந்து அண்ணை, "இழு தம்பி," என்றார், எதுவுமே நடக்காததுபோல.

நான் ஓரமாக விலகினேன். "நீங்க முன்னால போங்க, அண்ணே."

"கோவமோ இன்னும்?"

"ஆமா."

அவர் காற்றுக்குள் போனார். அவருடைய பின்சக்கரத்துக்குப் பின்னே காற்றுப் படாத இடம் எனக்காகக் காலியாக இருந்தது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.