கோப்பாயில் நான் நிறுத்திய இஞ்சின்

விமானம் என்றாலே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஆள் நான். சென்ற மாதம் சென்னையிலிருந்து இரண்டு நாள் யாழ்ப்பாணம் போனதும் அதற்காகத்தான். கோப்பாயில் கணினிக் கடை வைத்திருக்கும் கஜன், விமானியான தன் தங்கை தர்சிகாவுக்காக வீட்டிலேயே ஒரு சிமுலேட்டர் கட்டியிருக்கிறார் என்று நண்பர் சொன்னார். விடுவேனா?

யாழ் பேருந்து நிலையத்தில் காலை 9.10க்கு ஏறினேன். ஆறு கிலோமீட்டர், இருபது நிமிடம், ஐம்பது இலங்கை ரூபாய்.

பின்னறையில் பழைய வேன் இருக்கைகள் இரண்டு, முன்னால் மூன்று டிவி. திரையில் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியின் ஓடுபாதை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தர்சிகாவுக்குத் திங்கட்கிழமை அவருடைய நிறுவனத்தின் சிமுலேட்டரில் சோதனை. போன தடவை ஒரு இஞ்சின் நின்றதும் பதறிப்போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றதை நிறுத்தித் தோற்றிருக்கிறார். இந்தத் தடவையும் தோற்றால் வேலை போய்விடும்.

"அண்ணை இஞ்சினை நிப்பாட்டுற பட்டனை அமத்த முதலே மூச்சைப் பிடிச்சிடுவார். எனக்கு விளங்கீடும்," என்றார் தர்சிகா. "நீங்கள் அமத்துங்கோ. எப்ப எண்டு சொல்லக்கூடாது."

இடது இஞ்சினுக்கு ஒரு பொத்தான், வலதுக்கு ஒன்று. விமானம் மேலேறியது. கஜன் தேநீர் கொண்டுவந்தார். தர்சிகா கோப்பைக்குக் கை நீட்டியபோது இடதை அமுக்கினேன். அவர் கை பாய்ந்து, ஓடிக்கொண்டிருந்த வலது இஞ்சினை நிறுத்தும் லீவரை இழுத்துவிட்டது. திரை முழுக்கப் பனைமரங்கள், பிறகு கறுப்பு.

"இன்னொருக்கா," என்றார். தேநீரைத் தொடவில்லை.

இம்முறை முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். சென்னை வெயிலைப் பற்றி அவர் கேட்க, நான் அளந்துகொண்டே வலதை அமுக்கினேன். அவர் கை எழுந்தது. உடனே அதை மடிக்கு இழுத்துக்கொண்டார். "எது? வலது. வலது தானே? ஓம், வலது." அதன் பிறகுதான் லீவரைத் தொட்டார். ஒற்றை இஞ்சினோடு பலாலியில் இறங்கினார். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"உங்கடை முகத்திலை ஒண்டுமே தெரியேல்லையே. பொல்லாத ஆள் நீங்கள்!" என்றார் கஜன்.

போக நினைப்பவர்களுக்கு: இது வீடு, காட்சிச்சாலை இல்லை, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். திரும்ப ஆட்டோ எழுநூறு ரூபாய், ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். விமானத்தில் பறக்கப் பயப்படுபவர்கள் கட்டாயம் போங்கள். விமானிகள் எத்தனை தடவை விழுந்து எழுந்து நம்மைக் கூட்டிப்போக வருகிறார்கள் என்று தெரியும்.

திங்கள் மாலை கைபேசிக்குத் தர்சிகாவின் செய்தி வந்தது: "கதைச்சுக்கொண்டிருக்கேக்கை தான் இஞ்சினை நிப்பாட்டினவை. முதல்லை வாயாலை சொன்னன், பிறகு தான் கை போனது. சோதனை பாஸ்!"