எழுந்திருக்காத சைட்டு

என் மகன் டவுனில் சின்ன ஆபீஸ் வைத்திருந்தான். மீன் கடை, படகுச் சவாரி, பேக்கரி என்று பலருடைய வெப்சைட்டும் அங்கே ஒரே கம்ப்யூட்டரில் ஓடின. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். கூட வேலை பார்த்த மரி, எல்லாவற்றையும் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுவதாகச் சொல்ல அரியாங்குப்பத்து வீட்டுக்கு வந்தாள்.

"ஆள் வராத சைட்டு தூங்கிடும்மா. யாராவது வந்தா எழுந்துக்கும். அதனாலதான் ஒரே மெஷினு இத்தினியும் தாங்குது. ஒண்ணு மட்டும் எழுந்ததே இல்ல. உங்க பேர்ல இருக்குது. எடுத்துடட்டா?"

அது எதுவென்று எனக்குப் புரிந்தது. வேலை நேரத்தில் போன் செய்யக் கூச்சப்படுவேன் என்று, அவன் என் போனில் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்திருந்தான்.

"இத அமுத்தும்மா, நீ கூப்புடுறன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

வேலையாக இருப்பானே என்று ஒருநாளும் அமுத்தவில்லை.

"இரு மரி" என்று சொல்லி அமுத்தினேன். ஒன்றும் வரவில்லை.

"எழுந்துக்குது, இருங்கம்மா."

கொஞ்ச நேரத்தில் எழுத்து வந்தது. கூட்டிப் படித்தேன். 'இதோ வந்துட்டேன்மா.'

மரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சைட்டையும் புது இடத்துக்கு மாற்றிவிட்டாள். இப்போது தினமும் அமுத்துகிறேன். எழுத்து வந்தபிறகு அழுகைதான் வருகிறது. ஆனால் அது எழுந்து வரும் அந்தக் கொஞ்ச நேரம், அவன் டவுனிலிருந்து ஆற்றுப்பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது.