கொள்ளிடத்து வெள்ளமும் அப்பாவும்

கஞ்சி போட்டுக் காய்ந்த காக்கிச் சட்டையின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது எழும் லேசான சோற்று வாசனையோடுதான், கடலூர் போலீஸ் குடியிருப்பில் எங்கள் காலைகள் விடிந்தன. அப்பா சிதம்பரம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. தேரோட்டம், தேர்தல் என்று ஏதாவதொரு "பந்தோபஸ்து" வந்து அவரை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், அவர் வீட்டில் இருக்கிற நாள்தான் எங்களுக்குத் தீபாவளி. அன்றைக்கு அவரே மீன் வாங்கி வந்து, "இன்னிக்கு ஒங்கம்மாவுக்கு லீவு" என்று குழம்பு வைப்பார். காரம் "ஜாஸ்தி"யாகி, எல்லோரும் மூக்கை உறிஞ்சியபடியே சிரித்துக்கொண்டு சாப்பிடுவோம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஐப்பசி மழை விடாமல் கொட்டி, கொள்ளிடம் கரையை உடைத்தது. லீவில் இருந்த அப்பா, ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்ததும் கிளம்பிவிட்டார்.

"இந்த மழையில போயே ஆவணுமா?" என்றார் அம்மா.

"கூரை மேல ஜனங்க ஒக்காந்திருக்காங்களாம். போய்ட்டு வந்துடறேன்."

ஆற்றோரக் குடிசைக்காரர்களைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்துக்கொண்டிருந்தவர், கருவேல மரக்கிளையைப் பிடித்துத் தொங்கிய ஒரு சிறுமியைத் தூக்குவதற்காகக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அவளைப் படகுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், காலடி மண் சரிந்து, வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் மறுநாள்தான் கிடைத்தது. மயானத்தில் வரிசையாக நின்ற போலீஸ்காரர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டபோது, இத்தனை சத்தத்துக்கு அப்பா எழுந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தக் குடியிருப்பை இடித்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அப்பாவின் படம் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. குரல் மட்டும் எதிலும் பதிவாகவில்லை. எவ்வளவு முயன்றாலும் அது என் காதுக்குள் வருவதில்லை.

காவலர் நினைவு நாளன்று, போலீஸ் மைதானத்தில் மலர்வளையம் வைக்க நாங்கள் போகும்போதெல்லாம் அந்தச் சிறுமியும் வந்துவிடுவாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். போன வருஷம்தான் துணிந்து கேட்டேன்.

"தண்ணியில அப்பா ஒன்கிட்ட எதாவது பேசினாரா?"

"'பயப்படாத பாப்பா, என் கழுத்தக் கட்டிக்க'ன்னு சொன்னாரு, அக்கா."

வீட்டில் என்னையும் அவர் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிச் சொன்னாரோ அப்படியே இன்னொரு தடவ சொல்லும்மா" என்றேன்.