எண்ணாமல் வாங்கிய பெட்டி

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் போதும், ஊரில் எல்லோருக்கும் புலிக்குட்டி கிடைக்கும். வெட்டு இயந்திரம் வயலின் நடுவே போகும்போது தோகைக்குள் கோடு போட்ட குட்டிகள் சீறும். ஓட்டுகிறவன் குதித்து இறங்குவான். அரை மணி நேரத்தில் படம் ஊர் முழுக்கச் சுற்றிவிடும். அதன்பிறகு பூனைக்காரியின் போன் அடிக்கும்.

பூனைக்காரி என்பது ஊர் வைத்த பெயர். வனத்துறையில் பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். தற்காலிகமாக இருந்தே தலை நரைத்துவிட்டது. அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு புலிக்குட்டியைக்கூட அவள் பார்த்ததில்லை. எல்லாம் காட்டுப்பூனை. நீண்ட கால், காது நுனியில் கறுப்பு மயிர், வளர மறந்தாற்போல் குட்டை வால். பெயரில்தான் காடு இருக்கிறது. பிறப்பது, எலி பிடிப்பது, குட்டி போடுவது எல்லாம் கரும்புக்குள்தான். மனிதர்களுக்கு நடுவிலேயே, மனிதர் கண்ணில் படாமல் குடித்தனம் நடத்தும் ஜென்மம்.

"தொடாதீங்க, அம்மா இரை தேடப் போயிருக்கும், சத்தம் நின்னா வந்துடும்" என்று அவள் தொண்டை வற்றக் கத்துவாள். யார் கேட்கிறார்கள்? அநாதை என்று தூக்கிக்கொண்டு போய்ப் பசும்பால் ஊற்றுவார்கள். வயிற்றால் போய் இரண்டே நாளில் செத்துவிடும். போன வருடம் ஒரு மகராசி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியே விட்டாள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஒரு கதை வேறு. அதெல்லாம் சேர்க்கும். எடுத்த இடத்திலேயே அன்றைக்கே வைத்துவிட்டு நாம் விலகிப் போக வேண்டும், அவ்வளவுதான். விலகிப் போவதுதான் யாருக்கும் வருவதில்லை.

வீட்டில் புருஷன். லாரி ஓட்டியவர். இருபது வருடம் மாதத்துக்கு நாலு நாள்தான் வீட்டில் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது மாதம் முப்பது நாளும் வீட்டில்தான், கட்டிலில்தான். கண்ணாடி எங்கே, மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது, நீ எப்போது வருவாய் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போன் செய்வார். அவள் வேனை ஓரம் கட்டிப் பதில் சொல்வாள். சில நாள் அழுகை வரும். சில நாள் கொட்டாவி வரும்.

அன்றைக்கும் காலையில் அழைப்பு வந்தது. இயந்திரம் ஓட்டுகிறவன் விவரமானவன். குட்டிகள் கிடந்த இடத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தான். காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டியில் குட்டிகளை வைத்துச் சாக்கால் மூடி நீட்டினான்.

"அக்கா, மூணு மணி வரைக்கும் மிஷின் ஓடும். அதுக்கு முன்னாடி வைக்க முடியாது. நாளைக்குக் காலையில தோகைக்கு நெருப்பு வச்சுடுவாங்க. எதுவா இருந்தாலும் இன்னைக்கே முடிச்சுக்குங்க."

பெட்டியை வாங்கும்போது எண்ணிப் பார், எழுதிக்கொள் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறவளே அவள்தான். அன்றைக்கு எண்ணவில்லை. ராத்திரி அவரை மூன்று தடவை தூக்கிப் படுக்க வைத்ததில் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. சீறல் கேட்டது, உயிரோடு இருக்கின்றன என்று சாக்கை இழுத்து மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று மணி வரை எங்கே வைத்திருப்பது? வீடு பக்கத்தில்தான். பெட்டியைக் கட்டில் ஓரத்தில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்தாள். அவருக்குச் சாப்பாடு ஊட்டினாள். பாத்திரத்தைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் அரை மணி நேரம் செத்த மாதிரி தூங்கிவிட்டாள். விழித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சத்தம் போடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் பெட்டியைச் சாய்த்து வைத்துச் சாக்கை எடுத்தபோது மூன்று குட்டிகள் இருந்தன. மூன்று என்று எழுதிக்கொண்டாள். நூறு அடி தள்ளி, வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கும் நேரம் தாய் வந்தது. வெட்டாமல் விட்ட கடைசி வரிசையிலிருந்து தலையை நீட்டி, வயலை ஒரு சுற்றுப் பார்த்து, தரையோடு தரையாக வந்தது. ஒன்றைக் கவ்விக்கொண்டு வாய்க்கால் நாணலுக்குள் போனது. இரண்டாவது. மூன்றாவது. அப்பாடா என்று அவள் சாவியைத் திருகப் போனாள். தாய் நாலாவது தடவை வந்து நின்றது.

வரும். கடைசியாக ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம்தான். ஆனால் இது போகவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டது. பெட்டியைச் சுற்றியது. தோகையை முன்காலால் கிளறியது. நாணலுக்குப் போய், உடனே திரும்பி வந்தது. காலிப் பெட்டிக்குள்ளேயே ஏறி நின்று அடித்தொண்டையில் கூப்பிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

அவள் இயந்திரக்காரனை அழைத்தாள்.

"தம்பி, மறைக்காம சொல்லு. எத்தனை குட்டி?"

"நாலுக்கா. ஏன்?"

"மூணுதான் இருந்துச்சு. உங்க ஆளுங்க யாராச்சும் ஒண்ணை அமுக்கிட்டாங்களா?"

"ஐயையோ, என் கையால நாலையும் வச்சேன். போட்டோ இருக்கு, அனுப்புறேன் பாருங்க."

படம் வந்தது. பெட்டிக்குள் நாலு. அந்த நாலையும் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு வேறொரு கணக்கு உறைத்தது. அவள் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்த மனிதர் ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை.

வீட்டுக்குப் போனபோது இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? வலது கையில் மூன்று நீளக் கீறல். இடது கை மடிப்புக்குள் போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க."

போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

"அதோட அம்மா காலிப் பெட்டியைச் சுத்திச் சுத்தி வருது. கொடுங்க."

"மூணு இருக்குல்ல அதுக்கு," என்றார் கண்ணைத் திறக்காமல். "ஒண்ணு எனக்கு இருந்துட்டுப் போகட்டும். நீ காலையில போனா பொழுது சாயத்தான் வர்ற. நான் செவுத்தோட பேசிட்டுக் கெடக்கேன்."

"இருபது வருஷம் நானும் செவுத்தோடதாங்க பேசினேன்."

சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். சண்டைக்கு வரவில்லை. மெல்லப் போர்வையை விலக்கினார். செத்துப்போன அந்தக் கை மடிப்பில், உள்ளங்கை அளவு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கையில சூடு தெரியுதுடி," என்றார். "மூணு வருஷமா எதுவுமே தெரியல. இது படுத்ததும் தெரியுது."

உண்மையா, குட்டியை விட மனமில்லாமல் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பறித்துக்கொண்டு போகவும் தெம்பில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு களைப்பாக இருந்தது. ஆனால் விடிந்தால் அங்கே நெருப்பு.

"நான் எடுக்க மாட்டேன். நீங்களே கொண்டு வந்து கொடுங்க," என்றாள்.

அவர் இடுப்பில் துண்டைக் கட்டித் தூக்கி, சுவரைப் பிடித்து, வாசற்படியில் இளைப்பாறி, வேனின் முன் இருக்கையில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் அவர் அந்த வாசலைத் தாண்டி மூன்று வருடமாகிறது. வழியெல்லாம் குட்டியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "மெதுவா, வளைவு வருது" என்று ஒரு தடவை சொன்னார்.

வயலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. குட்டியை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொலைநோக்கியை அவரிடம் கொடுத்தாள். ஒற்றைக் கையால் பிடித்ததில் அது ஆடியது. இடது பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

தாய் அதிக தூரம் போயிருக்கவில்லை. வந்தது. முகர்ந்தது. அந்த லாரிக்கார வாசனை அதற்குப் பிடிக்கவில்லை போலும், தும்மியது. பிறகு கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு தடவை வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அதன்பிறகு வரவில்லை.

"இனிமே வராதா?" என்றார்.

"எல்லாம் சேர்ந்துடுச்சுல்ல, எதுக்கு வரணும்?"

அவர் தொலைநோக்கியை இறக்கவில்லை. கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தும் பார்க்காதது போல் வண்டியைக் கிளப்பினாள். பெரிய சாலைக்கு வந்ததும் கேட்டார்.

"நாளைக்கும் புலிக்குட்டி கிடைக்குமா?"

"வெட்டு முடியற வரைக்கும் தினமும் கிடைக்கும்."

"அப்ப என்னையும் ஏத்திக்க. பெட்டியை எண்ணி வாங்க உனக்கு ஒரு ஆள் வேணும்ல?"

அவளுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. தினமும் ஏற்ற வேண்டும், தினமும் இறக்க வேண்டும். அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

"ஆறு மணிக்கே எழுப்பிடுவேன்," என்றாள். "முனகக் கூடாது."