ஆட்டுப் பதிவேட்டின் நான்கு நகல்கள்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, கணினியில் ஒரு கோப்பை மூடுவது. ஞாயிறு மாலை மெல்பர்னிலிருந்து பிரியோனி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, யாரம் என்ற சிற்றூரில் அவள் அம்மா க்ளெனிஸ் சலவை அறைக் கணினி முன் உட்கார்ந்து செய்தாள்.

“ஃபைலை விட்டு எல்லாரும் வெளிய போயிட்டாங்களா பாரு மா. உள்ள ஆள் இருக்கும்போது மூடினா ஃபைல் கெட்டுப்போகும்.”

“நோரீன் மட்டும் இருக்கா. அவளை எப்படித் துரத்துறது? முடிச்சுட்டுப் போகட்டும்.”

“போன் பண்ணிச் சொல்லேன்.”

“ஆடுங்க கத்துது, இன்னும் பால் கறக்கல. நீ இதை மூட வைக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்.”

முக்கால் மணி நேரம் ஆனது. பிரியோனி சரியாக விடைகூடப் பெறாமல் போனை வைத்தாள். மறுநாள் காலை க்ளெனிஸ் கொட்டகையில் விழுந்தாள். எழவில்லை.

இருபத்திரண்டு வருடமாக வட்டார ஆடு வளர்ப்போர் சங்கத்தின் வம்சப் பதிவேடு க்ளெனிஸ் கையில் இருந்தது. எந்தக் குட்டிக்கு எது தாய், எந்தக் கிடா தகப்பன், காதில் குத்திய எண் என்ன. அட்டைகளில் இருந்ததைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தவள், மெல்பர்னில் கணினி வேலை பார்க்கும் பிரியோனி. கோப்பு ஒன்றே ஒன்று, அம்மாவின் கணினியில். மற்ற கிளைச் செயலாளர்கள் தங்கள் வீட்டிலிருந்தே அதற்குள் வந்து எழுதலாம். அது பகிர்வு. ஆபத்துக்கு எடுத்து வைப்பது காப்புநகல், அதில் யாரும் எழுதக் கூடாது. இவ்வளவுதான் பாடம்.

பத்து வருடம் சொல்லியும் ஏறவில்லை. இணையம் மந்தமென்று யாராவது முனகினால் போதும், க்ளெனிஸ் கோப்பை நகலெடுத்து, பென்டிரைவை எலுமிச்சம்பழப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவாள். அவர்கள் அதில் எழுதுவார்கள். ஒரு வருடம் இரண்டு ஆடுகளுக்கு 412 என்ற ஒரே எண் விழுந்தது.

“அவங்களுக்கு உதவினேன், அது தப்பா?” என்றாள் அப்போது.

“நகல் குடுக்கிறது பகிர்வு இல்ல மா.”

“உன் வேலையில அப்படி இருக்கும்.”

அடக்கம் முடிந்த மறுநாள், அம்மா வீட்டில் தங்கியிருந்த பிரியோனியைத் தேடிக் கிளைச் செயலாளர் நோரீன் வந்தாள். மார்ச் மாதம், இணை சேர்க்கும் காலம்.

“கேக்கக் கூடாத நேரம்தான் கண்ணு. ஆனா இந்த வாரம் கிடாவை அவிழ்த்து விடணும். எதை எதோட விடலாம்னு பதிவேட்டைப் பாத்துச் சொல்லு. அப்பனும் மகளும் சேர்ந்துட்டா என்ன பண்றது?”

“நாளைக்குச் சொல்றேன்.”

கணினியில் நான்கு கோப்புகள்: பதிவேடு, பதிவேடு புதுசு, பதிவேடு சரியானது, பதிவேடு தொடாதே. எது மூலம் என்று எங்கும் இல்லை. பிரியோனி வரிவரியாக ஒப்பிட்டாள். வாய்விட்டுத் திட்டினாள், கேட்க ஆளில்லை. மூலம் கடைசியில் ‘தொடாதே’தான். அதிலும் டல்சி ஃபாரன்ட் பண்ணையில் போன வசந்தத்தில் பிறந்த முப்பத்தொரு குட்டிகள் இல்லை. வட்டாரத்துக் கிடாக்களில் பாதி டல்சி விற்றவை. அவள் வீட்டில் இணையம் கிடையாது. அந்த முப்பத்தொன்று சேராமல் யாருக்கும் எந்த ஜோடியையும் சொல்ல முடியாது.

குளிர்பெட்டிக்கு மேலே நாட்காட்டி தொங்கியது. அம்மா விழுந்த மறுநாள், செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் அவள் கையெழுத்து:

டல்சியிடம் போய்ப் பென்டிரைவ் வாங்கி வர வேண்டும். பிரியோனியிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். கோபப்படுவாள்.